எந்தப் பச்சையைத் தொடலாம்?

பழைய வெண்கலச் சிலைகளோடு பழகுகிறவர்களுக்குப் பச்சையில் இரண்டு உண்டு. ஒன்று கரும்பச்சை. விரலால் தடவினால் வழவழவென்றிருக்கும், கையில் ஒட்டாது. கலைப்பொருள் வியாபாரி அதைக் காட்டியே விலையைக் கூட்டிச் சொல்வார். மற்றொன்று வெளிறிய இளம்பச்சை. ஊசிமுனைப் புள்ளியாகத் தொடங்கும், தொட்டால் மாவாக உதிரும். அருங்காட்சியகக் காப்பாளர் காலையில் வந்து பார்க்கும்போது கண்ணாடிப் பெட்டிக்குள் சிலையின் காலடியில் அந்தப் பொடி சிந்திக் கிடந்தால், அன்றைய மற்ற வேலையெல்லாம் தள்ளிப்போகும்.

முதல் பச்சை சிலையைக் காக்கிறது. இரண்டாவது அதைத் தின்கிறது. இரண்டும் செம்பின் கூட்டுப்பொருட்களே என்பதால்தான் சிக்கல். எதை விடுவது, எதை எடுப்பது என்று தெரியாமல் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் நல்லெண்ணத்தோடு துலக்கிக் கெடுத்த சிலைகளுக்குக் கணக்கில்லை. உலோகச் சிற்பங்களை மீட்கும் அறிவியலின் வரலாற்றைப் படித்தால், சுரண்டும் கை கொஞ்சம் கொஞ்சமாகத் தயங்கக் கற்றுக்கொண்ட வரலாறாகவே அது தெரிகிறது.

வெண்கலம் மண்ணுக்குள் சும்மா கிடப்பதில்லை. அதில் பெரும்பங்கு செம்பு, கூடவே வெள்ளீயம், தென்னிந்திய வார்ப்புகளில் காரீயமும் சேரும். (ஐம்பொன் என்றதும் தங்கமும் வெள்ளியும் தாராளமாகக் கலந்திருக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆய்வகத்தில் பகுத்துப் பார்த்தால் அவை பெரும்பாலும் சுவடளவில்தான் தட்டுப்படுகின்றன.) புதைந்த சிலையின் செம்பு முதலில் ஆக்சிஜனோடு சேர்ந்து குப்ரைட் என்னும் செந்நிறப் படலமாகிறது. அதன்மேல் மண்ணின் ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து மாலகைட் என்னும் பச்சைக் கனிமத்தை வளர்க்கின்றன. சில இடங்களில் நீல அசுரைட். மாலகைட் சுரங்கத்தில் வெட்டியெடுக்கும் செம்புத் தாதுக்களில் ஒன்று. உலையில் கஷ்டப்பட்டுப் பிரித்தெடுத்த உலோகம், சந்தர்ப்பம் கிடைத்ததும் தாதுவாகவே திரும்பிவிடப் பார்க்கிறது. செம்போடு களிம்பு இயல்பிலேயே ஒட்டியிருப்பதைச் சைவ சித்தாந்தம் உயிருக்கும் ஆணவ மலத்துக்கும் உவமையாகக் காட்டும். வேதியியலாளர்களும் அதை மறுக்க மாட்டார்கள்.

இந்தப் படலம் கெட்டியாகவும் இடைவெளியில்லாமலும் படிந்துவிட்டால் ஒரு கட்டத்தில் அரிப்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. கரும்பச்சைச் சிலைகள் அப்படித் தப்பியவை.

மண்ணில் உப்பு இருந்தால் கதையே வேறு. உப்பின் குளோரைடு அயனிகள் படலத்தின் நுண்துளைகள் வழியே உள்ளே நகர்ந்து, உலோகத்தை ஒட்டிய இடத்தில் குப்ரஸ் குளோரைடாகத் தங்குகின்றன. சாம்பல் பூத்த, மெழுகுத்தன்மையுள்ள பொருள் அது. காற்று எட்டாத ஆழத்தில் எத்தனை நூற்றாண்டு கிடந்தாலும் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. மண்வெட்டி பட்டுச் சிலை வெளியே வந்து, படலத்தில் ஒரு கீறல் விழுந்து, ஈரக்காற்று உள்ளே போன பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். குப்ரஸ் குளோரைடு நீரோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிந்து இளம்பச்சைப் பொடியாகிறது. பொடி பழைய பொருளைவிட அதிக இடம் கேட்கும். அதனால் மேலே உள்ள படலத்தை உள்ளிருந்தே முட்டி உடைக்கிறது. அந்த வினையில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பிறக்கிறது. அமிலம் பக்கத்திலிருக்கும் நல்ல செம்பைப் பிடித்து மறுபடி குப்ரஸ் குளோரைடாக்குகிறது. அது மறுபடி பொடியும் அமிலமும் ஆகிறது. குளோரைடின் ஒரு பகுதி இப்படித் திரும்பத் திரும்ப வேலைக்கு வருகிறது. ஒரு துளி உப்பு, ஈரம் இருக்கும்வரை, சிலையைக் குடைந்துகொண்டே போகலாம்.

இதற்கு வெண்கல நோய் என்று பெயர் வந்ததற்குப் பின்னால் ஒரு தவறான ஊகம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி, பாஸ்டரும் காக்கும் கிருமிகளைக் கண்டுபிடித்துப் புகழின் உச்சியில் இருந்த காலம். ஒரு சிலையில் தோன்றும் புள்ளி பக்கத்துச் சிலையிலும் தோன்றுவதைப் பார்த்தவர்கள் இதுவும் தொற்றுநோய்தான் என்று நினைத்தார்கள். லுட்விக் மோண்ட் போன்ற பெரிய வேதியியலாளரே 1890களில் நுண்ணுயிரைச் சந்தேகித்தார். கிட்டத்தட்ட அதே காலத்தில் பிரெஞ்சு வேதியியலாளர் மார்செலின் பெர்த்தெலோ இது குளோரைடின் சுழற்சி வினை என்று விளக்கினார். கிருமி போய்விட்டது, பெயர் மட்டும் நிலைத்தது. பக்கத்துச் சிலைக்கும் வந்ததன் காரணம் எளிது: இரண்டும் ஒரே மண்ணிலிருந்து வந்தவை, ஒரே ஈர அறையில் நின்றவை.

அருங்காட்சியகத்துக்கென்று தனியாக ஒரு வேதியியல் ஆய்வகம் வேண்டும் என்று முதலில் உணர்ந்தது பெர்லின். 1888இல் அங்குள்ள அரச அருங்காட்சியகங்கள் பிரீட்ரிக் ராத்கன் என்ற வேதியியலாளரை அமர்த்தின. எகிப்திலிருந்து வந்த கல்லும் வெண்கலமும் பெர்லினின் காற்றில் உதிர்ந்துகொண்டிருந்தன. ராத்கன் பத்தாண்டு உழைத்து 1898இல் தொல்பொருள் பாதுகாப்புக்கு ஒரு கையேடு எழுதினார். லண்டன் விழித்துக்கொண்டது அதற்குப் பிறகுதான், அதுவும் ஒரு போரின் தயவில். முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் மியூசியம் தன் பொருட்களில் ஒரு பகுதியைக் குண்டுவீச்சுக்குப் பயந்து நிலத்தடிச் சுரங்கத்தில் கொண்டுபோய் வைத்தது. குண்டிலிருந்து தப்பிய பொருட்கள் சுரங்கத்தின் ஈரத்திலிருந்து தப்பவில்லை. இரும்பு துருவேறி, வெண்கலம் பூத்துப்போய்த் திரும்பி வந்தது. என்ன செய்யலாம் என்று கேட்க 1919இல் அலெக்சாண்டர் ஸ்காட் என்ற வேதியியலாளரை அழைத்தார்கள். அங்கே ஆய்வகம் உருவானது அப்படித்தான்.

சென்னை அதிகம் பின்தங்கவில்லை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கியது. அதன் முதல் வேதியியலாளர் எஸ். பரமசிவன். தேவை கண்ணெதிரே குவிந்து கிடந்தது. படையெடுப்புக் காலங்களில் கோயில்காரர்கள் உற்சவத் திருமேனிகளை மண்ணுக்குள் ஒளித்துவைத்தார்கள். பல இடங்களில் திரும்ப எடுக்க ஆளில்லை. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும் வயல் உழும்போதும் அவை வெளியே வந்தன. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் ஒப்படைக்கப்பட்டு, அவற்றில் பல எழும்பூருக்கு வந்து சேர்ந்தன. நாகப்பட்டினத்தில் மட்டும் 1856 முதல் 1930கள் வரை சுமார் 350 பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. கடலோர ஊரின் மண்ணில் உப்புக்குக் குறைவிருக்குமா? சேர்ந்த இடமோ கடலிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் எழும்பூர். காற்றின் ஒப்பு ஈரப்பதம் நாற்பத்தைந்து சதவீதத்தை ஒட்டிய எல்லையைத் தாண்டினால் குளோரைடு வினை வேகம் பிடிக்கிறது என்பது ஆய்வகக் கணக்கு. சென்னைக் காற்று ஆண்டின் பெரும்பகுதி அதற்கு வெகு மேலேதான் நிற்கிறது.

பரமசிவன் கையாண்டது மின்பகுப்பு முறை. சிலையைச் சுற்றிலும் கம்பி கட்டி எதிர்மின்முனையாக்கி, நீர்த்த காஸ்டிக் சோடாக் கரைசலில் அமிழ்த்துவார்கள். எதிரே இரும்புத் தகடு நேர்மின்முனை. மின்சாரம் பாய்ந்ததும் சிலையின் மேனியெங்கும் ஹைட்ரஜன் குமிழிகள் பொங்கும். குளோரைடு அயனிகள் சிலையை விட்டுக் கரைசலுக்குள் நகரும். பச்சைப் படலம் ஆக்சிஜனை இழந்து, பஞ்சுபோல் நொய்ந்த செம்பாக மாறித் தளர்ந்துவிடும். தூரிகையால் தேய்த்தால் வந்துவிடும். பிறகு வடிநீரில் மாற்றி மாற்றி ஊறவைத்துக் கழுவ வேண்டும். கழுவிய நீரில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்ப்பார்கள். பால் கலந்தாற்போல் கலங்கினால் இன்னும் உப்பிருக்கிறது. கலங்காத நாள் வரும்வரை கழுவல் தொடரும்.

மண்ணும் களிம்பும் அப்பிப் போய் இன்ன தெய்வம் என்றே புரியாமல் கிடந்த படிமம் இப்படிக் குளித்து எழுந்தால் முப்புரிநூலும் கையணியும் பீடத்தில் பொறித்த எழுத்தும் தெரியும். அந்தக் காலத்தில் இதைப் பார்த்தவர்களுக்கு அற்புதமாகத் தோன்றியிருக்கும். குளோரைடு மொத்தமாக வெளியேறியதால் பல சிலைகள் இன்றும் நிலையாக இருக்கின்றன. அந்த ஆய்வகம் இல்லாமல் போயிருந்தால் அவற்றில் எத்தனை இன்று பொடியாகியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் மின்பகுப்புக்கு ஒரு விலை இருந்தது. அது நல்ல பச்சை, கெட்ட பச்சை என்று பார்க்காது. எல்லாவற்றையும் உரித்துவிடும். தொட்டியிலிருந்து வரும் சிலைக்கு ஒரு மாதிரியான வெளிர்பழுப்பு மேனி இருக்கும். மண்ணில் அது கழித்த நூற்றாண்டுகளின் தடயம் எதுவும் மிஞ்சாது. அந்தத் தடயத்தால் என்ன பயன் என்று 1930இல் கேட்டிருந்தால் யாருக்கும் பதில் தெரிந்திருக்காது. பதில் ஐம்பதாண்டுக்கும் மேல் கழித்து லண்டன் நீதிமன்றத்தில் கிடைத்தது.

1976இல் அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், இடிந்துபோன விசுவநாதசுவாமி கோயிலருகே மண் தோண்டிய கூலித் தொழிலாளி ஒருவருக்கு வெண்கலத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றில் நடராசர் மட்டும் கைமாறிக் கைமாறிக் கடல் கடந்தார். 1982இல் கனடாவின் பம்பர் டெவலப்மென்ட் என்ற நிறுவனம் ஒரு நடராசரை லண்டன் வியாபாரியிடம் இரண்டரை லட்சம் பவுனுக்கு வாங்கியது. மதிப்பீட்டுக்கும் பராமரிப்புக்குமாகப் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயிருந்த இடத்தில் போலீஸ் அதைக் கைப்பற்றியது. அதுதான் பத்தூர் நடராசரா என்பதே வழக்கு. தமிழகத் தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த இரா. நாகசாமி நிபுணர் சாட்சியாகச் சென்றார். பத்தூரில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு இதை ஒப்பிட்டார்கள். வார்ப்புப் பாணியும் உலோகக் கூறும் மட்டும் அல்ல, சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் அதன்மேல் கறையான் கட்டிய தடமும்கூட நீதிமன்றத்தில் அலசப்பட்டன. 1988இல் தீர்ப்பு தமிழகத்தின் பக்கம் வந்தது. 1991இல் மேல்முறையீட்டிலும் உறுதியாகி, நடராசர் அந்த ஆண்டே நாடு திரும்பினார்.

வழக்கின் சட்ட நுணுக்கம் புகழ்பெற்றது: இடிந்த கோயிலின் சார்பில் வழக்காட முடியும் என்பதை ஓர் ஆங்கிலேய நீதிமன்றம் ஏற்றது. வேதியியல் பக்கமிருந்து பார்த்தால் இன்னொன்று கண்ணில் படும். வாங்கிய கையோடு யாராவது அந்தச் சிலையைக் காஸ்டிக் தொட்டியில் இறக்கிப் பளிச்சென்று எடுத்திருந்தால், மண்ணும் கறையான் தடமும் சாக்கடையில் போயிருக்கும். வழக்கின் ஒரு கால் ஒடிந்திருக்கும். திருட்டுச் சிலை வியாபாரத்தில் துலக்கல் என்பது சிலசமயம் சாட்சியைக் கலைக்கும் வேலை.

பச்சையைப் போலியாக ஏற்றுவதும் அதே வியாபாரத்தின் மறுபக்கம். புதிதாக வார்த்த சிலைக்கு அமிலம் பூசிப் புதைத்து எடுத்தால் ஒரு பச்சை வரும். ஆனால் அது மேலோடு நின்றுவிடும். நூற்றாண்டுகள் புதைந்த வெண்கலத்தில் அரிப்பு உலோகப் படிகங்களின் எல்லைக்கோடுகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கியிருக்கும்; நுண்ணோக்கியில் குறுக்குவெட்டைப் பார்த்தால் வேர்விட்டது தெரியும். அந்த வேரை யாராலும் அவசரமாக வளர்க்க முடியாது.

அரிப்புப் படலம் எவ்வளவு பேசும் என்பதற்கு உச்சகட்ட உதாரணம் கிரேக்கத்து ஆன்டிகிதெரா பொறி. 1901இல் ஒரு கப்பல் சிதைவிலிருந்து எடுத்த குவியலில் பச்சைக் கட்டிகளாக இருந்தது அது. ஈராயிரம் ஆண்டு கடலுக்குள் கிடந்ததில் வெண்கலம் ஏறக்குறைய முழுவதும் அரிப்புப் பொருளாகவே மாறிவிட்டது. உலோகத்தைத் தேடி எவரேனும் களிம்பை நீக்கியிருந்தால் கையில் எதுவும் மிஞ்சியிருக்காது, ஏனென்றால் பற்சக்கரங்களின் வடிவமே களிம்பில்தான் இருந்தது. 2005இல் எட்டு டன் எடையுள்ள எக்ஸ்ரே கருவியை ஏதென்ஸ் அருங்காட்சியகத்துக்கே கொண்டுபோய்ப் படலம் படலமாகப் படமெடுத்தபோது, உள்ளே மறைந்திருந்த எழுத்துகளும் சக்கரப் பற்களும் வெளிப்பட்டன. சூரிய, சந்திர ஓட்டங்களைக் கணிக்கும் இயந்திரம் அது என்ற புரிதல் உறுதிப்பட்டது.

இந்த மாதிரி அனுபவங்களுக்குப் பிறகு இந்தத் துறையில் ஒரு கேள்வி முதலிடத்துக்கு வந்தது. சிலையின் அசல் மேற்பரப்பு எங்கே இருக்கிறது? சிற்பி கடைசியாக உளி வைத்த அந்தப் பரப்பு இன்று உலோகத்தில் இல்லாமல் போயிருக்கலாம். பெரும்பாலும் படலத்துக்கு நடுவே எங்கோ ஒரு மெல்லிய கோடாகத் தங்கியிருக்கும். அதற்கு மேலே உள்ள அடுக்கில் மணற்துகளும் வேர்நாரும் அகப்படும், அவை மண்ணிலிருந்து வந்தவை. அதற்குக் கீழே உள்ள அடுக்கில் வெள்ளீய ஆக்சைடும் காரீயத் துளிகளும் இருக்கும், அவை வார்ப்பு உலோகத்திலிருந்து வந்தவை. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள எல்லையில் கை நிற்க வேண்டும். அரை மில்லிமீட்டர் தாண்டினால் கண் திறந்த கோடு போய்விடும்.

அதனால்தான் இன்றைய ஆய்வகத்தில் தொட்டியைவிட இரட்டைக்கண் நுண்ணோக்கிக்கு வேலை அதிகம். அறுவைக் கத்தி, பல் மருத்துவர் கறை எடுக்கப் பயன்படுத்தும் அதிர்வுக் கருவி, கண்ணாடி இழைத் தூரிகை. ஒரு நாளில் கட்டைவிரல் நகமளவு துலக்கினால் போதும். இங்கிலாந்தில் 2009இல் ஸ்டாஃபோர்ட்ஷயர் வயலொன்றில் ஆங்கிலோ-சாக்சன் காலத்துத் தங்கப் புதையல் கிடைத்தபோது, எஃகு முனை மென்தங்கத்தைக் கீறிவிடும் என்று பர்மிங்காம் ஆய்வகத்தார் செடி முட்களைப் பிடியில் பொருத்தி அழுக்கெடுத்தார்கள். லேசரும் எக்ஸ்ரேயும் வைத்திருக்கும் ஆய்வகத்தில் வேலியோர முள்ளுக்கும் இடமிருந்தது.

லேசர் என்றதும் பிளாரன்ஸுக்குப் போக வேண்டும்.

அந்நகரின் ஞானஸ்நான ஆலயத்துக்கு லொரென்சோ கிபெர்ட்டி 1425 முதல் 1452 வரை செய்த கதவை ‘சொர்க்கத்தின் வாசல்’ என்பார்கள். பத்து வெண்கலப் பலகைகள், ஒவ்வொன்றிலும் பழைய ஏற்பாட்டுக் காட்சிகள், எல்லாவற்றின்மேலும் பாதரசத்தில் குழைத்துச் சூடேற்றிப் பூசிய தங்க முலாம். 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு ஊருக்குள் புகுந்தபோது வெள்ளத்தின் வேகத்தில் பலகைகள் சில பிய்ந்து விழுந்தன. அவற்றைச் செப்பனிட எடுத்துப் பார்த்தவர்கள் வெள்ளத்தைவிடப் பெரிய ஆபத்தைக் கண்டார்கள். தங்கத்துக்கும் வெண்கலத்துக்கும் இடையே செம்பின் உப்புகள் உருவாகி, ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் வீங்கிச் சுருங்கிக்கொண்டிருந்தன. தங்கப்படலத்தில் வேர்க்குரு போலச் சின்னச் சின்னப் பொரிகள். ஒவ்வொரு பொரியும் உடையும்போது சில மைக்ரான் தடிமனுள்ள தங்கம் பறிபோனது.

முதலில் கழற்றிய பலகைகளை ரோஷெல் உப்புக் கரைசலில் ஊறவைத்தார்கள். அது செம்பின் ஆக்சைடுகளைப் பிடித்துக் கரைக்கும், தங்கத்தைத் தொடாது. பலன் அருமை. ஆனால் அதற்குப் பலகையைச் சட்டத்திலிருந்து எடுத்தாக வேண்டும். கிபெர்ட்டியின் ஆட்கள் அவற்றை அவ்வளவு இறுக்கமாகப் பொருத்தியிருந்ததால், கழற்றும் வேலையே சட்டத்தையும் முலாமையும் காயப்படுத்தியது. வேலை பல ஆண்டுகள் தயங்கி நின்றது. விடை அவ்வூரிலேயே உள்ள பயன்பாட்டு இயற்பியல் நிறுவனத்திலிருந்து வந்தது. சால்வதோரே சியானோவின் குழு அகச்சிவப்பு லேசரின் துடிப்பு நேரத்தைக் கச்சிதமாகச் சரிசெய்தது. கருத்த அழுக்கு ஒளியை விழுங்கிச் சூடாகித் தெறித்துவிடும். தங்கம் அந்த ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். துடிப்பு மிகக் குறுகியதாக இருப்பதால் சூடு உள்ளே இறங்க நேரமில்லை. பலகையைக் கழற்றாமலே துலக்க முடிந்தது.

மொத்த வேலைக்கு ஆன காலம் 27 ஆண்டுகள். கிபெர்ட்டி செய்து முடித்த காலமும் கிட்டத்தட்ட அவ்வளவே. 2012இல் கதவு மறுபடி மக்கள் பார்வைக்கு வந்தபோது அது ஆலயத்தில் இல்லை. பக்கத்து அருங்காட்சியகத்தில், ஈரப்பதம் தாழ்த்திய கண்ணாடி அறைக்குள் நிற்கிறது. வாசலில் தொங்குவது நகல். ரோமில் மார்க்கஸ் அரேலியஸின் குதிரைவீரன் சிலையும் வெனிஸில் புனித மார்க் ஆலயத்துக் குதிரைகளும் அப்படியே உள்ளே போய், வெளியே நகல் நிற்கிறது. இதை நினைத்து வருந்துபவர்கள் உண்டு. நகரக் காற்றின் கந்தக அமிலத்தை ஒருமுறை கணக்குப் போட்டால் வருத்தம் குறையும்.

இத்தாலியின் இன்னொரு பாடம் ரியாச்சே வீரர்கள். 1972இல் கலாப்ரியா கடற்கரையில் எட்டு மீட்டர் ஆழத்தில் கிடைத்த இரண்டு கிரேக்க வெண்கலச் சிலைகள், ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம். பிளாரன்ஸில் 1980 வரை வெளிப்புறத்தை அற்புதமாகச் சுத்தம் செய்தார்கள். ஆனால் கிரேக்க வார்ப்பு உள்ளீடற்றது. நடுவே வார்ப்புக்காக வைத்த களிமண் அப்படியே இருந்தது. கடல்நீரை நூற்றாண்டுகளாகக் குடித்த களிமண். வெளியே எத்தனை கவனமாகத் துடைத்தாலும் உள்ளிருந்து உப்பு வந்துகொண்டே இருந்தது. கடைசியில் 1990களில் பாதங்களின் துளை வழியே நீண்ட கருவிகளைச் செலுத்திக் களிமண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். சோழர்காலத் திருமேனிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவை மெழுகு வார்ப்பில் கனமாக வார்த்தவை, உள்ளே அடைசல் கிடையாது. தூக்குபவர்களின் இடுப்பு ஒடிவதைத் தவிர இதில் நமக்கு லாபம்தான்.

உப்பை முழுவதும் எடுக்க முடியாத சிலையை என்ன செய்வது? 1960களின் பிற்பகுதியிலிருந்து பழக்கத்தில் உள்ள விடை, பென்சோட்ரையசோல். ஆல்கஹாலில் கரைத்துச் சிலையை அதில் ஊறவைத்தால் செம்போடு பிணைந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகப் படிந்து, ஈரமும் ஆக்சிஜனும் உள்ளே போவதைத் தடுக்கும். மேலே அக்ரிலிக் பிசின் பூச்சு, தேவைப்பட்டால் மெழுகு. பச்சைக்குழி ஆழமாக இருந்தால் இதுவும் தோற்கும். அப்போது மிஞ்சுவது காற்றை உலர்த்துவதுதான்: இறுக மூடிய பெட்டி, அடியில் சிலிக்கா ஜெல், ஈரப்பதமானி. பெட்டி செய்யும் மரத்திலும் கவனம் வேண்டும். ஓக் போன்ற சில மரங்களும் ஒட்டுப்பலகைகளும் அசிட்டிக் அமில ஆவியை விடும். அது வெண்கலத்தில் உள்ள காரீயத்தை வெள்ளைப் பொடியாக்கும். திருவாரூர் போன்ற இடங்களில் உள்ள உலோகத் திருமேனிப் பாதுகாப்பு மையங்களில் ஆயிரக்கணக்கான சிலைகள் காவலில் இருக்கின்றன. அங்கே பூட்டின் பலத்தைப் போலவே டெல்டாவின் ஈரக்காற்றும் கணக்கில் வர வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணாடிக்குள் நிற்கும் சிலைக்குப் பொருந்தும். பூசையில் இருக்கும் உற்சவருக்கு?

கோயிலில் புளியும் திருநீறும் போட்டுத் துலக்குவது பழைய வழக்கம். புளியின் புளிப்புக்குக் காரணம் டார்டாரிக் அமிலம். பிளாரன்ஸில் தொட்டியில் கரைத்த ரோஷெல் உப்பு அதே அமிலத்தின் சோடியம், பொட்டாசியம் உப்பு. செம்பின் ஆக்சைடைப் பிடித்துக் கரைக்கும் வித்தை இரண்டுக்கும் பொது. வேறுபாடு, புளிக்கரைசல் அமிலமாகவே இருப்பதால் படலத்தோடு உலோகத்தையும் கொஞ்சம் கரைக்கும். கூடவே தேய்ப்பும் சேரும். நூற்றாண்டுகள் பூசை கண்ட திருமேனிகளில் மூக்கும் உதடும் மழுங்கி, அணிகளின் கோடு மறைந்துபோயிருப்பது இதனால்தான். அதே சமயம் அந்தச் சிலைகளில் வெண்கல நோய் தங்க இடமும் குறைவு. தினம் கழுவித் துடைக்கும் பரப்பில் குளோரைடு சேர்ந்து புதைய முடியாது. புதைந்தது மூக்கைக் காப்பாற்றிக்கொண்டு நோயை வாங்கியது. பூசையில் இருந்தது நோயிலிருந்து தப்பி மூக்கை இழந்தது.

சிக்கல் இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் வருகிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து களவுபோய், ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிய நடராசர், 2014இல் இந்தியாவுக்குத் திரும்பினார். அவரைத் தொடர்ந்து வெளிநாடுகளிலிருந்து திருமேனிகள் வந்தவண்ணம் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் கேட்பது சிலையை அல்ல, சாமியை. கோயிலுக்குத் திரும்பினால் பால், தயிர், இளநீர், சந்தனம் என்று அபிஷேகம் நடக்கும். பூச்சு ஏற்றிய சிலையில் அந்தப் பிசின் உரியத் தொடங்கும். பென்சோட்ரையசோல் கையுறை போட்டுக் கையாள வேண்டிய பொருள். அபிஷேகத் தீர்த்தமோ பக்தர்கள் கையேந்தி வாங்கிக் குடிப்பது.

ஆகவே திரும்பிப் போகும் திருமேனிக்கு அருங்காட்சியக மருந்து ஒத்துவராது. வடிநீரில் பொறுமையாக உப்பெடுப்பது, குழிகளை நுண்ணோக்கியின் கீழ் கையால் சுத்தம் செய்வது, நன்றாக உலர்த்துவது, பூச்சில்லாமல் விடுவது என்ற பழைய, மெதுவான வழிதான் பொருந்தும். அபிஷேகம் முடிந்ததும் மடிப்புகளிலும் பீடத்தின் அடியிலும் ஈரம் தங்காமல் பருத்தித் துணியால் ஒற்றியெடுக்க அர்ச்சகருக்குச் சொல்லித்தர வேண்டும். புளிக்கும் துலக்கும் பொடிக்கும் பதில் வெறும் நீர் போதும் என்றும் சொல்ல வேண்டும். ஆய்வகத்துக்குச் சிலை வரும்போது நிரப்பும் படிவத்தில் உயரம், எடை, கிடைத்த இடம், பழுது என்று கட்டங்கள் இருக்கின்றன. சிலை இங்கிருந்து எங்கே போகிறது, போகிற இடத்தில் வாரத்துக்கு எத்தனை அபிஷேகம் என்று கேட்க இன்னும் இரண்டு கட்டங்களைச் சேர்த்துவிட்டால், மருந்தைத் தேர்ந்தெடுப்பது எளிதாகிவிடும்.